திரி, முறுக்கு, திருகு: எது எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கயிறு, மீசை, திருகாணி, செய்தி, பால், உறவு என எத்தனையோ இடங்களில் இந்த மூன்று வினைகளும் வருகின்றன. அகராதியில் ஒன்றுக்கு மற்றொன்றையே பொருளாகப் போட்டிருப்பதால், மூன்றும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவிவிட்டது. செய்தி எழுதுவோர், மொழிபெயர்ப்பவர்கள், மெய்ப்புப் பார்ப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

மூன்றுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

கையில் இருப்பது என்ன, வேலை முடிந்ததும் கிடைப்பது என்ன என்று பார்த்தால் போதும்.

திரித்தல் என்றால் உதிரியாகக் கிடப்பதை ஒன்றாக்குவது. நாரைத் திரித்தால் கயிறு, பஞ்சைத் திரித்தால் விளக்குத் திரி. தொடங்கும்போது இல்லாத ஒரு பொருள் முடிவில் உருவாகிவிடுகிறது.

முறுக்குதல் அப்படியல்ல. ஏற்கெனவே இருக்கும் பொருளில் இறுக்கம் ஏறுகிறது, அவ்வளவுதான். முறுக்கிய நூல் நூல்தான், முறுக்கிய மீசை மீசைதான். ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்தாலும் அது துணியாகவே இருக்கிறது. கையை விட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும் விசை அதற்குள் அடைபட்டிருக்கும்.

திருகுதலுக்கு ஓர் அச்சு வேண்டும். ஒரு முனை நிலையாக நிற்க, மறுமுனையைச் சுழற்றுகிறோம். குழாய், புட்டி மூடி, திருகாணி, பிள்ளையின் காது எல்லாமே இந்த வகை. காது தலையோடு ஒட்டியிருப்பதால்தான் அதைத் திருக முடிகிறது.

உருவகப் பொருள்கள் இந்த மூன்று செயல்களிலிருந்தே கிளைக்கின்றன. திரித்தல் என்றால் உண்மையின் இழைகளைக் கொண்டு வேறொன்றை உருவாக்குவது. முறுக்குதல் விறைப்பையும் வீம்பையும் குறிக்கிறது. திருகுதல் என்றதும் வலியோ கோணல் வழியோ நினைவுக்கு வருகிறது. இந்த மூன்று வரிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பெரும்பாலான ஐயங்கள் தாமே தீரும்.

கயிற்றை முறுக்குகிறோமா, திரிக்கிறோமா?

இரண்டையும் செய்கிறோம், ஆனால் வேறு வேறு கட்டங்களில். கையால் இரட்டைப் புரிக் கயிறு செய்யும் முறையைப் பார்த்தால் இது தெளிவாகும்.

நாரில் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, சம பருமனுள்ள இரண்டு பிடிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பிடியையும் உள்ளங்கைகளுக்கு இடையிலோ தொடையின் மேலோ வைத்து உருட்டி ஒரே திசையில் முறுக்க வேண்டும். இப்படிக் கிடைப்பதற்குப் புரி என்று பெயர். அடுத்து இரண்டு புரிகளையும் சேர்த்துப் பிடித்து எதிர்த் திசையில் முறுக்க வேண்டும். புரியை நிமிர்த்திப் பிடிக்கும்போது நார் வரிகள் இடமிருந்து வலமாக மேலேறினால், முடிந்த கயிற்றில் புரி வரிகள் வலமிருந்து இடமாக மேலேற வேண்டும். புரிகள் ஒரு பக்கம் பிரியப் பார்க்கும், கயிறு மறுபக்கம் பிரியப் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் கயிறு நிற்கிறது.

எங்கே பிழைக்கும்? இரண்டு கட்டத்தையும் ஒரே திசையில் முறுக்கினால், கையை விட்டதும் எல்லாம் பிரிந்துவிடும். ஒரு புரி தளர்ந்தும் மற்றது இறுகியும் இருந்தால், தளர்ந்தது இறுகியதைச் சுற்றிக்கொள்ளும். அப்போது சுமை முழுவதும் நேராக நிற்கும் புரியின் மேல் விழும், முதலில் அறுவதும் அதுதான். புது நார் ஒட்டும் இடம் இரண்டு புரியிலும் ஒரே மட்டத்தில் வந்தாலும் கயிறு அந்த இடத்திலேயே அறும். அளவுக்கு மீறி முறுக்கினால் கயிறு சுருண்டு முடிச்சு விழும்.

ஆகவே, ‘புரியை முறுக்கினான்’, ‘கயிறு திரித்தான்’ என்று எழுதுங்கள். முறுக்குவது ஒரு கட்டம், திரிப்பது முழு வேலை. ‘கயிற்றை முறுக்கினான்’ என்றால், முன்பே செய்து முடித்த கயிற்றுக்கு மேலும் இறுக்கம் ஏற்றினான் என்று பொருள்.

‘திரிந்தது’, ‘திரித்தது’ குழம்புகிறதே. எப்படிப் பிரிப்பது?

திரி என்ற ஏவல் வடிவம் இரண்டு வினைகளுக்கும் பொதுவாக இருப்பதால்தான் இந்தக் குழப்பம். தன்வினை: திரிகிறான், திரிந்தான், திரிவான். பிறவினை: திரிக்கிறான், திரித்தான், திரிப்பான். பிரிந்தான்–பிரித்தான், அழிந்தது–அழித்தான், சேர்ந்தது–சேர்த்தான் என்ற இணைகளைப் போன்றதே இது. பேச்சில் திரிஞ்சான், திரிச்சான் என்று கேட்கும்.

ஐயம் வந்தால் எதிர்மறை ஏவலாக்கிப் பாருங்கள். ‘வெயிலில் திரியாதே’, ‘நான் சொன்னதைத் திரிக்காதே’. ‘க்க்’ வந்தால் பிறவினை, அதற்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும். ‘அவர் என் பேச்சைத் திரிந்து கூறினார்’ என்று அச்சில் அடிக்கடி வருவது பிழை. ‘திரித்துக் கூறினார்’ என்றே எழுத வேண்டும்.

முறுகு–முறுக்கு இணை, இறுகு–இறுக்கு, உருகு–உருக்கு ஆகியவற்றின் வரிசையில் வருகிறது. திருகு மட்டும் இன்றைய வழக்கில் இணை இல்லாமல் தனித்து நிற்கிறது. ‘மூடியைத் திருகினான்’ என்றும் ‘நரம்பு திருகிக்கொண்டது’ என்றும் இரு பக்கமும் அதுவே வருகிறது. ‘திருக்கு’ என்றொரு பழைய சொல் உண்டு. முறுக்கு, வஞ்சகம் என்ற இரண்டு பொருளிலும் அது வழங்கியது.

செய்தியைத் திரிப்பதும் பொய் சொல்வதும் ஒன்றா?

இல்லை. எழுதுவோர் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

நார் இல்லாமல் கயிறு திரிக்க முடியாது. அதுபோல, திரிப்பதற்கு ஏதோ ஓர் உண்மை கையில் இருந்தாக வேண்டும். நடக்காததை நடந்ததாகச் சொல்வது பொய், புனைவு, கட்டுக்கதை. நடந்ததை எடுத்து, அதன் வரிசையையோ சூழலையோ அழுத்தத்தையோ மாற்றி வேறு பொருள் வரச் செய்வதே திரிப்பு.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் மேடையில், ‘மழை தொடர்ந்தால் மட்டும் கூட்டத்தைத் தள்ளிவைப்போம்’ என்கிறார். மறுநாள் ‘கூட்டத்தைத் தள்ளிவைப்போம் என்றார்’ என்று செய்தி வருகிறது. ஒவ்வொரு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்ததுதான். ‘மட்டும்’ போயிற்று, அதற்கு முன்னிருந்த நிபந்தனையும் போயிற்று. இது திரிப்பு. ‘கூட்டத்தை ரத்து செய்துவிட்டோம் என்றார்’ என்று போட்டிருந்தால் அது பொய். அவர் சொன்னதைத் தெரிந்தும், தள்ளிவைப்பது பற்றிய பேச்சையே செய்தியில் விட்டிருந்தால் அது மறைப்பு. மூன்றையும் ‘திரித்தார்’ என்ற ஒரே சொல்லால் குறித்தால் குற்றச்சாட்டு மங்கிப்போகும்.

புரட்டு என்ற சொல்லும் பக்கத்திலேயே நிற்கிறது. புரட்டுதல் என்றால் மேலிருப்பதைக் கீழாக்குவது. ஆம் என்றதை இல்லை என்று மாற்றுவது, வாங்கிய பணத்தைக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டுவது எல்லாம் புரட்டு. திரிப்பில் உண்மையின் சாயல் மிஞ்சியிருக்கும், புரட்டில் அது தலைகீழாகிவிடும். அதனால்தான் திரிப்பை மறுப்பது கடினம். ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது, முழுப் பேச்சையும் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

‘திரிந்த செய்தி’ என்று எழுதலாமா, ‘திரிக்கப்பட்ட செய்தி’ என்றா?

இரண்டும் சரி, ஆனால் ஒன்றல்ல. ‘திரிக்கப்பட்ட’ என்றால் அதைச் செய்த ஒருவர் இருக்கிறார், தெரிந்தே செய்தார் என்பது அடங்கியிருக்கிறது. ‘திரிந்த’ என்றால் வாய்க்கு வாய் மாறி, தானாக உருமாறிப் போனது. யாருடைய உள்நோக்கத்தையும் நிறுவ முடியாத இடத்தில் ‘திரிந்த’ என்றே எழுதுவது நேர்மை. ஓர் ஆளை நோக்கிக் கை நீட்டும் சொல்லை ஆதாரம் இல்லாமல் போடக் கூடாது.

பெயர்ச்சொல்லிலும் இந்த வேறுபாடு உண்டு. திரிபு என்பது மாறிய நிலை, திரிப்பு என்பது மாற்றிய செயல். ‘வரலாற்றுத் திரிபு’ என்பது பெருவழக்காகிவிட்டது, அதைப் பிழை என்று தள்ள முடியாது. ஆனாலும் செயலைச் சுட்ட விரும்பினால் ‘வரலாற்றுத் திரிப்பு’ என்பதே கூர்மையானது.

‘கயிறு திரிக்கிறான்’ என்றால் கதை விடுகிறான் என்று பொருள் வருவது எப்படி?

கயிறு திரிப்பவர் கையில் சாண் நீள நார்தான் இருக்கும். ஒன்றின் வால் முடிவதற்குள் அடுத்ததைச் சொருகி நீட்டிக்கொண்டே போவார். நீட்டிப் பேசுபவரும் அதைத்தான் செய்கிறார். கேட்ட துணுக்கில் பார்த்த துணுக்கைச் சொருகி, நடுவே கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்த்து நீளமாக்குகிறார். ஆகவே ஒரு வரிப் பொய்க்கு இந்தத் தொடர் பொருந்தாது. ‘எனக்குத் தெரியாது என்று கயிறு திரித்தான்’ என்பது ஒட்டவில்லை. ‘அமைச்சரே போனில் கூப்பிட்டார், கார் அனுப்புகிறேன் என்றார் என்று அரைமணி நேரம் கயிறு திரித்தான்’ என்பது நன்றாக ஒட்டும்.

இதில் கடுமை குறைவு, கேலி கூடுதல். நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொன்னவரைப் பற்றி எழுதும்போது இந்தத் தொடர் வேண்டாம்.

‘மணலைக் கயிறாகத் திரிப்பேன், வானத்தை வில்லாக வளைப்பேன்’ என்பது வேறு. அது நடக்காத காரியத்தைச் செய்வதாகப் பேசும் வீண் பெருமை. மணலில் இழை இல்லை, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. திரித்தல் என்ற வினையின் முதல் தேவையே அங்கே இல்லாததால்தான் உவமை இவ்வளவு சரியாக விழுகிறது.

பால் திரிவதற்கும் முறுக்குவதற்கும் என்ன தொடர்பு?

திரி என்ற தன்வினைக்குத் தன் இயல்பிலிருந்து மாறுதல் என்ற பொருள் மிகப் பழையது. ‘நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்’ என்று திருக்குறள் (452) சொல்வது, நிலத்தின் தன்மைக்கு ஏற்ப நீரின் தன்மை மாறுவதைத்தான். ‘நிலையின் திரியாது அடங்கியான்’ (124) என்பதும் தன் நிலையிலிருந்து மாறாதவனையே குறிக்கிறது. பால் திரிவதும் இந்த வரிசையில் வருவதுதான்.

பாலின் புளிப்பு ஏறும்போது அதிலுள்ள கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. புதுப் பாலின் பிஎச் அளவு (புளிப்பு ஏற ஏற இந்த எண் குறையும்) சுமார் 6.6 முதல் 6.7 வரை, கேசின் முழுவதும் திரள்வது 4.6 அளவில். சூடாக்கினால் அவ்வளவு புளிப்பு ஏறுவதற்கு முன்பே திரண்டுவிடும். காய்ச்சாத வரை நன்றாகத் தெரிந்த பால் அடுப்பில் வைத்ததும் திரிவதற்கு இதுதான் காரணம்.

நாம் விரும்பி உறை ஊற்றி அசையாமல் வைத்தால் பால் ‘உறைகிறது’. விரும்பாமல் கெட்டு, நீர் வேறு கட்டி வேறாகப் பிரிந்தால் ‘திரிகிறது’. எலுமிச்சைச் சாறு விட்டு வேண்டுமென்றே பிரித்தால் ‘பாலைத் திரித்தான்’ என்று பிறவினை வரும்.

‘ஊர் சுற்றித் திரிகிறான்’ என்பதில் திட்டுவது போன்ற தொனி ஏன்?

திரிதலுக்கு அலைதல் என்ற பொருள் உண்டு. ‘மான்கள் திரியும் காடு’ என்றால் அதில் குறை எதுவும் இல்லை. மனிதர் மேல் வரும்போதுதான் நோக்கமற்ற அலைச்சல் என்ற குறிப்பு ஏறுகிறது.

இன்னொரு வினையின் பின்னே துணைவினையாக வந்தால் அந்தக் குறிப்பு உறுதியாகிவிடும். ‘சொல்கிறான்’ என்பது செய்தி. ‘சொல்லித் திரிகிறான்’ என்றால் பலரிடம், பல இடங்களில், வேலையற்றுச் சொல்கிறான், அது பேசுபவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் ‘பேராசிரியர் இக்கருத்தைப் பல நாடுகளில் சொல்லித் திரிந்தார்’ என்று பாராட்டுரையில் எழுதக் கூடாது. ‘சொல்லிவந்தார்’ என்பதே தகும். ‘அலைந்து திரிந்து வேலை தேடினான்’ என்ற இணைமொழியில் மட்டும் பழிப்பு இல்லை, பாடு தெரிகிறது.

மாவு திரிப்பது சரியான தமிழா?

சரியான தமிழ்தான். திரிகை என்ற கல் எந்திரம் சுழன்று அரைப்பதால் அந்த வேலை திரித்தல். தென் மாவட்டங்களில் அரவை மில் வந்த பிறகும் ‘மாவு திரிச்சிட்டு வா’ என்ற பேச்சு நிலைத்திருக்கிறது. திரிகையைப் பேச்சில் திருகை, திருவை என்பார்கள். உலர்ந்த தானியத்துக்கே இந்தச் சொல். நனைத்த அரிசியையும் உளுந்தையும் ஆட்டுகிறோம், திரிப்பதில்லை.

இலக்கணத்தில் வரும் திரிதல், திரிசொல் எல்லாம் கெட்டுப்போனவையா?

அப்படி எடுத்துக்கொள்வது தவறு. இலக்கணத்தில் திரிதல் என்பதற்கு வேறொன்றாக மாறுதல் என்பதே பொருள், பழிப்பு சிறிதும் இல்லை. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் விகாரத்தை, அதாவது சொற்கள் சேரும்போது வரும் மாற்றத்தை, மூன்றாகப் பிரிக்கிறது. பொன் + குடம் பொற்குடம் ஆகும்போது ன் என்பது ற் ஆனது, அது திரிதல். மரம் + வேர் மரவேர் ஆகும்போது ம் மறைந்தது, அது கெடுதல். இந்த வழக்கில் ‘கெடுதல்’ கூட மறைதலைத்தான் குறிக்கிறது.

திரிசொல் என்பதும் சிதைந்த சொல் அல்ல. கற்றவர்க்கே எளிதில் விளங்கும் செய்யுட்சொல் அது. கிளியைக் குறிக்கும் கிள்ளை, தத்தை ஆகியவை ஒரு பொருளுக்குப் பல சொல். யானை, கோழி, சங்கு மூன்றையும் குறிக்கும் வாரணம் பல பொருளுக்கு ஒரு சொல். ‘அம்மா’ என்பது ‘யம்மா’ ஆவதைத் திரிசொல் என்று எழுதுகிறார்கள். அதற்கு மரூஉ, கொச்சை, பேச்சு வழக்கு என்று இடத்துக்கேற்ற பெயர்கள் இருக்கின்றன.

‘ஐயம் திரிபு அறக் கற்றல்’ என்ற தொடரில் ஐயம், இதுவோ அதுவோ என்ற தடுமாற்றம். திரிபு, ஒன்றை மற்றொன்றாகவே துணிந்துவிடுவது. கயிற்றைப் பார்த்து ‘பாம்போ?’ என்றால் ஐயம், ‘பாம்பு’ என்று ஓடினால் திரிபு. திரிபில் ஏமாற்றியவர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

யாப்பிலும் திரிபு உண்டு. நான்கு அடிகளிலும் முதலெழுத்து மட்டும் மாறி, இரண்டாம் எழுத்து முதல் பல எழுத்துகள் ஒன்றி வந்து, பொருள் மட்டும் வேறுபடுவது அது.

இன்றைய அறிவியல் தமிழில்?

2021இல் டெல்டா, ஒமிக்ரான் என்று கிருமி வகைகள் பேசப்பட்டபோது ‘டெல்டா திரிபு’ என்ற சொல்லாட்சி நிலைபெற்றது. தானாக மாறியது என்பதால் திரிபு மிகச் சரியான தேர்வு. இயற்பியல் பாடநூல்களில் தகைவுக்கு (விசை தரும் அழுத்தத்துக்கோ இழுப்புக்கோ) ஆளான பொருளின் உருமாற்றத்தைத் திரிபு என்பார்கள். தண்டு ஒன்றின் இரு முனைகளையும் எதிரெதிராகச் சுழற்றும்போது ஏற்படுவது முறுக்கம். வண்டி எஞ்சின் தரும் சுழல்விசையை முறுக்குவிசை என்கிறார்கள். பாடநூல்களில் திருப்புவிசை என்றும் வரும்.

முறுக்குவதன் உருவகப் பொருள்கள் என்னென்ன?

எல்லாமே விறைப்பிலிருந்து வருகின்றன. மீசையை முறுக்குவது சவால். ‘முறுக்கிக்கொண்டு போனான்’ என்றால் கோபித்துக்கொண்டு, இறங்கிவராமல் போனான். இங்கே ‘கொள்’ துணைவினை இல்லாவிட்டால் பொருளே மாறிவிடும். ‘அவன் முறுக்கினான்’ என்றால் எதை என்ற கேள்வி எழும். பெண் வீட்டில் புது மருமகன் காட்டும் வீம்பு ‘மாப்பிள்ளை முறுக்கு’. அது கோபம் அல்ல, தன்னைத் தாங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு.

பாராட்டும் உண்டு. ‘முறுக்கேறிய உடம்பு’, ‘வாலிப முறுக்கு’ என்பவை வலுவைச் சொல்கின்றன. தின்பண்டம் முறுக்கும் பிழியும்போது முறுக்கிச் சுற்றுவதால் பெற்ற பெயர்தான். இருசக்கர வண்டியின் கைப்பிடியைச் சுழற்றி வேகமெடுப்பதையும் ‘முறுக்கினான்’ என்பார்கள். கையை எடுத்தால் கைப்பிடி தானாகத் திரும்பிவிடுவதால் இங்கே திருகு என்பதை விட முறுக்கு பொருந்துகிறது.

பகைவரோடு சமரசம் ஆனதைச் சொல்ல ‘முறுக்குத் தளர்ந்தது’ என்பது அழகான, இன்று குறைந்துவரும் ஆட்சி. மீட்டெடுக்கலாம்.

‘முறுகல் நிலை’ என்று இலங்கைப் பத்திரிகைகளில் வருகிறது. தமிழ்நாட்டில் புரியுமா?

புரியும், ஆனால் பலருக்கு முதலில் தோசைதான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் முறுகல் என்றால் பெரும்பாலும் மொறுமொறுப்பு. இலங்கையில் இரு தரப்பு உறவு இறுகி வெடிக்கும் நிலையைக் குறிக்கும் இயல்பான செய்திச் சொல் அது. தமிழ்நாட்டில் அந்த இடத்தில் பதற்றம், உரசல், மோதல் போக்கு என்று எழுதுகிறார்கள். பதற்றம் மனநிலையைக் குறிக்கிறது, முறுகல் உறவின் நிலையைக் குறிக்கிறது. இரு நாடுகளைப் பற்றி எழுதும்போது முறுகல் என்பதே துல்லியமானது என்பது எங்கள் கருத்து. முறுவல் என்றால் புன்னகை. ஓரெழுத்துப் பிழையில் போர் புன்னகையாகிவிடும்.

திருகு என்ற வினை எங்கெல்லாம் உருவகமாகிறது?

குறைவாகத்தான். காதைத் திருகுவது தண்டனை, கழுத்தைத் திருகுவது கொலை. இரண்டும் மிரட்டலாகப் பேச்சில் வரும்: ‘காதைத் திருகிவிடுவேன்’. திருகுதாளம் என்றால் தில்லுமுல்லு. ‘கணக்கில் ஏதோ திருகுதாளம் செய்திருக்கிறான்’. மரை கழன்றவன் என்பது மனநிலை சரியில்லாதவரைக் கேலி செய்யும் தொடர். எழுத்தில் தவிர்ப்பது நல்லது.

திருகாணி பெரும்பாலும் வலமாகத் திருகினால் இறுகும், இடமாகத் திருகினால் கழலும். செய்முறைக் குறிப்பு எழுதும்போது ‘திருகவும்’ என்று மட்டும் போட்டால், இறுக்கவா கழற்றவா என்று தெரியாது. ‘திருகி இறுக்கவும்’, ‘திருகிக் கழற்றவும்’ என்று முடிவையும் சேர்த்து எழுதுங்கள். இறுக்கும் வேலையை மட்டும் சொல்ல முடுக்கு என்ற சொல்லும் இருக்கிறது.

‘கால் முறுக்கிக்கொண்டது’ சரியா?

இல்லை, அது ஆங்கிலத் தொடரின் நேர் பெயர்ப்பு. தமிழில் கால் சுளுக்கும், பிசகும், மடங்கும். ஆடுசதை இறுகிப் பிடித்துக்கொண்டால் மட்டும் ‘முறுக்கிப் பிடிக்கிறது’ எனலாம். வயிற்று வலிக்கும் அதுவே: ‘வயிற்றை முறுக்கிப் பிடிக்கிறது’.

மொழிபெயர்ப்பில் இதுபோல வேறு சறுக்கல்களும் உண்டு. கதையில் எதிர்பாராமல் வருவது திருப்பம், அதை முறுக்கு என்றோ திருகல் என்றோ எழுத வேண்டியதில்லை. பேச்சை வேறு பக்கம் கொண்டுபோவது பேச்சைத் திருப்புவது, திரிப்பது அல்ல. நேராகச் சொல்லாமல் இழுப்பது சுற்றி வளைப்பது. சட்டத்தை வளைக்கிறார்கள், முறுக்குவதில்லை.

திரிசூலம், திரிபலை, திரிகடுகம் ஆகியவையும் இந்தத் திரிதானா?

இல்லை. அவற்றில் வரும் திரி வடமொழியில் மூன்றைக் குறிப்பது. மூன்று முனை, மூன்று காய், மூன்று காரப் பொருள். நம் வினையோடு எந்தத் தொடர்பும் கிடையாது. திரும்பு, திருப்பு, திருகு, திரிகை ஆகியவையே திரியோடு உறவுள்ளவை. தெலுங்கில் சுற்றுவதையும் திரிவதையும் ‘திருகு’ என்றே சொல்கிறார்கள். மலையாளத்தில் இடப்பக்கம் திரும்பச் சொல்ல ‘திரி’ என்ற வினை வரும்.

முறுக்கிய வடிவத்துக்குத் திரி என்பதும் பழைய ஆட்சிதான். ‘இரும்பு திரித்தன்ன மாயிரு மருப்பின்’ என்று அகநானூற்றின் 4ஆம் பாடல் இரலை மானின் கொம்பைச் சொல்கிறது. இரும்பை முறுக்கியது போன்ற கரிய பெரிய கொம்பு. ஆண் வெளிமானின் கொம்பைப் பார்த்தவர்களுக்கு அதில் ஏறும் சுற்று வரிகள் கண்முன் வரும்.

ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது?

திரித்து என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், அதன் பின் வல்லினம் மிகும்: திரித்துக் கூறினார், திரித்துப் பேசினார். திரிந்து மென்தொடர், அதன் பின் மிகாது: திரிந்து போனது, திரிந்து கெட்டது. முறுக்கி, திருகி இரண்டும் இகரத்தில் முடியும் எச்சங்கள், மிகும்: முறுக்கிக் கட்டு, திருகிப் பூட்டு. முறுக்குக் கம்பி என்பதில் மிகும். திரிசொல் வினைத்தொகை, எனவே ‘திரிச்சொல்’ என்பது பிழை. விளக்குத் திரி என்பதில் இருப்பது பெயர்ச்சொல், மிகும்.

எழுத்தில் ஒரு கண் வையுங்கள்: முறுக்கு வல்லின ற. முருக்கு என்று இடையின ர போட்டால் அது முள்முருக்கு மரம். வினையாக வந்தால் அழித்தல் என்றும் பொருள்படும். திருகு, திரி இரண்டிலும் இடையின ர.

வழக்கில் சாட்சி மாற்றிச் சொன்னால் ‘சாட்சியம் திரிந்தது’ எனலாமா?

வேண்டாம். முன்பு சொன்னதற்கு மாறாகச் சொல்பவரைப் பிறழ் சாட்சி என்பதே நிலைபெற்ற சட்டச் சொல். ‘சாட்சி பிறழ்ந்தார்’ என்று எழுதுங்கள். சாட்சி சொன்னதை வேறொருவர் மாற்றி எடுத்துரைத்தால் மட்டும் ‘சாட்சியத்தைத் திரித்தார்’ என்பது வரும். அதை எழுதும் முன், அவர் சொன்னதாகப் பதிவான வரியையும் எடுத்துரைக்கப்பட்ட வரியையும் அடுத்தடுத்து வைத்து, எந்தச் சொல் விடுபட்டது, எது இடம் மாறியது என்று காட்ட முடிகிறதா என்று பாருங்கள்.